எட்டரை மணிப் பேராயர்

பேராயரின் கோல் மூன்று துண்டுகளாகக் கழன்று ஒரு நீளமான கறுப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பெட்டியைப் பார்க்கிறவர்கள் உள்ளே தூண்டில் இருக்கிறது என்று நினைப்பார்கள். அடித்துண்டையும் நடுத்துண்டையும் பூட்டுவதற்கு ஏழு சுற்று, நடுத்துண்டையும் வளைந்த தலையையும் பூட்டுவதற்கு ஒன்பது சுற்று. கால் சுற்றுக் குறைந்தாலும் வளைவு சபையைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கும். அவர் தானே பூட்டினால் எப்போதும் அரைச் சுற்றுக் குறைத்துவிடுவார். ஆராதனை நடுவில் கோலின் தலை ஆடத் தொடங்கும். முதல் தடவை வந்தபோது நான் இதைச் சொன்னேன். "என்னுடைய தலையும் அப்படித்தான்" என்று சொல்லிப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து ஆறு வருடத்தில் இருபத்து மூன்று தடவை அந்தக் கோலைப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். இருபத்து நான்கு ஆகியிருக்க வேண்டும். ஒரு முறை முழங்கால் அறுவை காரணமாக அவர் வரவில்லை.

அவர் ஏன் பெட்டியும் கையுமாக வந்து போனார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பலெர்மோவில் உள்ள தமிழர்கள் பெரும்பாலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் இருந்து வந்த கத்தோலிக்கர்; மற்றவர்கள் இந்துக்கள். எங்களைப் போன்று இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த அங்கிலிக்கன் சபையார் எனக்குத் தெரிய நான்கு குடும்பம். நகரின் நடுவில், உட்காரப் பதினாறு நீள வாங்கு போட்ட ஒரு சிறிய கோவில் எங்களுக்கு உண்டு. ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இரண்டு மூன்று சிசிலிக்காரர், நாங்கள் என்று எல்லாரும் அங்கேதான். எங்கள் சபை பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறது. ஆனால் அதை மனச்சாட்சிப்படி ஏற்க முடியாதவர்களையும் அது வெளியே தள்ளவில்லை. அப்படிப்பட்டவர்களைக் கவனிப்பதற்கென்று தனியாகச் சில பேராயர்களை வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரே ஊர் கிடையாது. ஒன்பது பேர் இங்கே, இருபது பேர் அங்கே என்று இருக்கிற இடமெல்லாம் விமானத்தில் போய் ஆராதனை நடத்திவிட்டு வருவார்கள். எங்கள் பேராயர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இங்கிலாந்திலிருந்து வருவார்.

ஏற்க முடியாதவர்களில் முதல் ஆள் நான்தான். புதிதாக வந்த குருவானவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஒரு விதவை, முன்பு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். என் மனைவி அவருக்குக் 'குருவம்மா' என்று பெயர் வைத்தார்; தமிழ்ப் பிள்ளைகள் மூலம் அது கோவில் முழுக்கப் பரவியது. நல்ல மனுஷி. அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் ஆசீர்வதிக்கும் அப்பம் உண்மையாக நற்கருணை, அதாவது ஆண்டவருடைய உடல், ஆகிறதா என்பதில் எனக்கு ஐயம் இருந்தது. உலகத்துத் திருச்சபை முழுவதும் சேர்ந்து தீர்மானிக்காத ஒன்றை ஒரு பகுதி மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். ஊரிலேயே இப்போது பெண் குருமார் இருக்கிறார்கள் என்று என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சொன்னபோதும் என் ஐயம் போகவில்லை. ஐயத்தோடு கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. நாங்கள் இருக்கிற சீசா என்ற பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு சமையற்காரர் இருந்தார். படியில் என்னைக் கண்டால் போதும், "என்ன அண்ணை, உங்கட கோவிலில பொம்பிளை பூசை வைக்கிறாவாம்? பூசை முடிய அவாவே சோறும் ஆக்கிறவாவோ?" என்று கேட்பார். எங்கள் வீடு ஐந்தாம் மாடி, எண்பத்தாறு படி. அவர் வீட்டைத் தாண்டிய பிறகும் அந்தக் கேள்வி மிச்சப் படி முழுவதும் என்னோடு ஏறி வரும்.

ஆக, ஒரே கோவிலில் ஞாயிறு தோறும் இரண்டு ஆராதனை. எட்டரை மணிக்கு நாங்கள், பத்தரை மணிக்குக் குருவம்மாவின் சபை. என் மனைவி பத்தரை மணிக்காரி. கலியாணத்தன்று தொடங்கி நாற்பது வருடம் பீடத்தின் முன்னுள்ள கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்ட இருவர், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில் வெவ்வேறு பஸ்ஸில் போனோம். சண்டை இல்லை. நான் திரும்பி வரும்போது அவர் புறப்பட்டுக்கொண்டிருப்பார்.

"நீங்கள் உங்கட பேராயரோட மோட்சத்துக்குப் போங்கோ, நான் குருவம்மாவோட அடுத்த பஸ்ஸில வாறன்" என்பார்.

"பஸ் பிந்தினா?"

"அங்கை நிண்டு எண்ணிக்கொண்டிருங்கோ. உங்களுக்குப் பொழுது போகும்."

எட்டரை மணிக்காரர் தொடக்கத்தில் பதினான்கு, பிறகு ஒன்பது: நான், மச்சானும் அவர் மனைவியும், கானா நாட்டுச் சகோதரர் இருவர், நைஜீரியத் தாதி ஒருவர், சிசிலிக்கார அண்ணனும் தங்கையும், தொப்பி இல்லாமல் யாரும் கண்டிராத ஓர் ஆங்கிலேயக் கிழவி. கோவில் பூட்டின் திறப்பும் பாத்திரங்களும் என்னிடம். பேராயர் வருகிற ஞாயிறு அவரே ஆராதனை நடத்துவார். அடுத்த பன்னிரண்டு ஞாயிறும் குருவானவர் இல்லை. அதனால் அவர் ஆசீர்வதித்து வைத்துவிட்டுப் போன அப்பத்தை, அவருடைய அனுமதியோடு, நான் எடுத்துக் கொடுப்பேன். மெல்லிய வட்ட அப்பம், பெரிய குற்றிக்காசு அளவு. ஒன்பது பேருக்குப் பன்னிரண்டு ஞாயிறு என்றால் நூற்றெட்டு. விருந்தாளி யாராவது வந்தால் என்று இரண்டு. ஒவ்வொரு தடவையும் நூற்றுப்பத்து அப்பத்தைப் பேராயர் முன் வைப்பேன். குருவம்மாவும் நோயாளிகளுக்குக் கொண்டுபோவதற்காகத் தான் ஆசீர்வதித்த அப்பத்தைச் சேர்த்து வைப்பார். இரண்டும் ஒரே மாதிரியான வெள்ளிச் சிமிழில், ஒரே பேழைக்குள் இருந்தன. எல்லா அப்பமும் வியா மக்வேதா என்ற தெருவில் ஒரே கடையில் வாங்கியவை. கலந்துவிட்டால் தெரியாது என்பதற்காகப் பேராயரின் சிமிழ் மூடியில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தேன்.

இதைவிட இன்னொரு வேலையையும் நானாக எடுத்துக்கொண்டேன். பேராயரும் குருவம்மாவும் ஒருவரை ஒருவர் கண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. அவரைக் குருவானவர் என்று ஏற்காத பேராயர். அவருடைய கோவிலுக்குள்ளேயே வந்து ஆராதனை நடத்துகிற பேராயர். இருவரும் நேருக்கு நேர் நின்றால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது; அது நடக்காதபடி நேரக் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை பேராயர் வந்ததும் விடுதியில் விடுவேன். ஞாயிறு எட்டரைக்கு ஆராதனை, ஒன்பது நாற்பதுக்குக் கோப்பி, பத்தே காலுக்கு வாடகைக் காரில் ஏற்றிவிடுவேன். குருவம்மா பத்து இருபதுக்கு வருவார். ஐந்து நிமிட இடைவெளி. ஆறு வருடத்தில் ஒரு தடவையும் தவறவில்லை. பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் ஒவ்வொரு முறையும் ஒரு குவளையில் புதுப் பூவும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் இருக்கும். அவற்றை வைப்பது குருவம்மா என்று எனக்குத் தெரியும். பேராயர் கேட்டபோது, "கோவிலில் வைத்தது" என்று சொன்னேன். அது பொய் இல்லை.

இருபத்து மூன்றாவது வருகைதான் கடைசி என்று முன்னமே கடிதம் வந்துவிட்டது. அவர் ஓய்வு பெறுகிறார். ஒன்பது பேருக்காக இன்னொருவரை இவ்வளவு தூரம் அனுப்ப ஆள் இல்லை. சிமிழில் கடைசியாக வைத்துவிட்டுப் போவதும் முடிந்த பிறகு, ஒன்றில் நான் பத்தரை மணிக்குப் போக வேண்டும், அல்லது எனக்கு நற்கருணையே இல்லை. எழுபத்தேழு வயதில் இப்படி ஒரு தெரிவு வரும் என்று நான் நினைக்கவில்லை. மனைவி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேழையைத் திறந்து சிவப்பு நூல் கட்டிய சிமிழை எடுத்தேன். இரண்டு அப்பம் மிஞ்சியிருக்க வேண்டும். பதினேழு இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் பதினேழு. என் கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பதைக் கழித்து எழுதியிருக்கிறேன். தாளில் கழித்தேனே ஒழிய, பன்னிரண்டு கிழமையில் ஒரு நாளும் சிமிழுக்குள் இருப்பதை எண்ணவில்லை. கணக்கு சரியாக இருந்தபடியால் எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது: ஐந்தாம் ஞாயிறு கழிந்த கிழமை இரண்டு சிமிழையும் வெளியே எடுத்து, அப்பத்தைத் தனித்தனித் தட்டில் வைத்துவிட்டு மினுக்கினேன். அப்பத்தைச் சரியான சிமிழில்தான் போட்டேன். மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன்.

அதாவது ஏழு ஞாயிறு, ஒன்பது பேர், அறுபத்து மூன்று அப்பம், எல்லாம் குருவம்மா ஆசீர்வதித்தவை. அவற்றை ஏற்க முடியாது என்பதற்காகவே எட்டரை மணிக்கு வந்தவர்களுக்கு, அவற்றை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணால் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"சிரிக்கிற விசயமே இது?"

"ஏழு கிழமை! ஒண்டும் செய்யேல்லையே? வயித்துக்குத்துக்கூட வரேல்லையே?"

"இஞ்சேர், பகிடி விடாதையும். ஒன்பது பேற்ற மனச்சாட்சி."

"அதுக்கு ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறியள்? ஆண்டவர் மூடியைப் பாத்தே குடுக்கிறவர்?"

பேராயரிடம் தனியாக, மாலையில் தேநீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று முடிவுசெய்தேன். அன்று தெற்கிலிருந்து ஷிரோக்கோக் காற்று. ஆபிரிக்காவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிற சூட்டுக் காற்று; அது பலமாக அடித்தால் எங்கள் விமான நிலையத்தில் விமானம் இறங்காது. பன்னிரண்டரைக்குத் தகவல் வந்தது: விமானத்தை மேற்குக் கரையிலுள்ள திராப்பனி நகருக்குத் திருப்பிவிட்டார்கள். பஸ்காரர் ஷோப்பெரோ, வேலைநிறுத்தம். மச்சானின் காரை நம்பியிருந்தேன். அவர் தான் வேலை செய்கிற வீட்டு அம்மாவை, சின்யோராவை, அந்த அம்மாவின் மகளிடம் கூட்டிப்போய்விட்டார். நான் தொலைபேசிக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மனைவி முன்கதவில் நின்று சொன்னார்:

"நான் கதைச்சிட்டன். வெளிக்கிடுங்கோ. குருவம்மா காரோட வாறா."

"குருவம்மாவோ! உமக்கு விசரே?"

"ஏன்? அவாக்குக் கார் ஓடத் தெரியும். லைசன்ஸ் செல்லுமோ எண்டு உங்களுக்கு ஐயமெண்டா நீங்கள் நடந்து வாங்கோ."

திராப்பனி விமான நிலைய வாசலில் பேராயர் நின்ற காட்சி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆறடி இரண்டு அங்குல உயரம். காற்று அவருடைய அங்கியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் பெட்டி, மற்றக் கை தலையில் மிஞ்சியிருந்த முடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் முதலில் என்னைக் கண்டார், பிறகு குருவம்மாவின் கழுத்திலிருந்த வெள்ளைப் பட்டியைக் கண்டார். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். என்ன செய்வதற்காக நின்றேன் என்று எனக்கே தெரியாது. பேராயர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கையை நீட்டினார்.

"ஆறு வருடமாக உங்களுக்கு நன்றி சொல்லக் காத்திருக்கிறேன். அந்தப் பூக்களுக்கு. பிஸ்கட்டுக்கு அதைவிட அதிகமாக."

குருவம்மா, "நீங்கள் என்னைக் காண விரும்பவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்" என்றார்.

"நானா? நீங்கள்தான் என்னைக் காண விரும்பவில்லை என்று நான் நினைத்தேன்."

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மனைவிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. இத்தாலிய மொழியில்தான் அவரும் குருவம்மாவும் பேசிக்கொள்வார்கள்.

"ஏன் ரெண்டு பேரும் உங்களைப் பாக்கினம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. காத்து."

சிறிய நீலக் கார். முன்னால் பேராயரின் முழங்கால் நாடியைத் தொட்டது. கோல் பெட்டிக்கு இடமில்லாமல், இரண்டு முன் இருக்கைக்கும் நடுவால் நீட்டி அதன் நுனியை என் தோளில் வைத்தார்கள். பத்து நிமிடம் உப்பளங்களுக்கு ஓரமாகப் போனோம். பேராயரும் குருவம்மாவும் பிஸ்கட் செய்முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

"இப்ப எப்பிடி? அவாவும் இருக்கிறா."

"அவான்ர அப்பம்தானே? அவா இருக்கேக்கதான் சொல்ல வேணும்."

நான் தோளிலிருந்த பெட்டியைச் சரிசெய்தேன். மனைவி முன்னால் சாய்ந்து குருவம்மாவின் தோளைத் தட்டி, "அம்மா, என் கணவர் ஏதோ சொல்ல வேண்டுமாம்" என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் வழியில்லை. கோல் தோளில் இருக்க, சிமிழ், மூடி, நூல், ஐந்தாம் ஞாயிறு, பதினேழு என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

உப்பளம் முடிந்து நெடுஞ்சாலை வந்தது. மலை முகட்டில் காற்றாலைகள் வந்தன. முப்பத்தொன்று எண்ணினேன். பேராயர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குருவம்மாதான் பேசினார்.

"அப்படியென்றால் ஏழு வாரம் நான் இரண்டு சபைக்கு வேலை செய்திருக்கிறேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை." பிறகு யோசித்துவிட்டு, "நான் நோயாளிகளுக்குக் கொண்டுபோனது உங்களுடையது!" என்றார் பேராயரிடம்.

"யாராவது குணமானார்களா?"

"இருவர். ஒருவருக்கு என்னைத் திட்டுமளவுக்குக் குணம்."

பேராயர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெட்டி ஆடி என் காதில் இடித்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் அவர் கஷ்டப்பட்டுப் பாதியளவு பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னதை அன்று மாலையே கொப்பியில் எழுதி வைத்தேன்.

"உங்களுக்கு ஒரு நிச்சயத்தைக் கொடுப்பதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள். ஐயத்தோடு ஒருவரும் கை நீட்ட வேண்டிய நிலை வரக் கூடாது என்று. அந்த எண்ணத்தில் நான் இன்னும் மாறவில்லை." குருவம்மாவைப் பார்த்து, "மன்னியுங்கள்" என்றார். "தெரியும், பாதகமில்லை" என்று சொல்லிக் குருவம்மா கியரை மாற்றினார். பேராயர் தொடர்ந்தார்: "ஆனால் ஒன்பது பேர் ஏழு வாரம் பசியோடு கை நீட்டியிருக்கிறார்கள். ஒரு மூடி மாறிப்போனதற்காகக் கடவுள் அவர்களை வெறுங்கையோடு அனுப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். எப்படிக் கொடுத்தார் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அது அவருடைய காரியம்."

"என்னவாம்?" என்று மனைவி கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அதைத்தானே காலமை நான் சொன்னன். இங்கிலீசில சொன்னாத்தான் உங்களுக்கு ஏறும்."

மறுநாள் எட்டரை மணி ஆராதனை தொடங்கும் முன்பு நானே எழும்பி நின்று எல்லாரிடமும் சொன்னேன். மச்சான்தான் முதலில் வாய் திறந்தார்: "அத்தான், உங்கட கணக்கும் பிழைக்குமே! இதைக் கேக்க எத்தினை வருசம் காத்திருந்தனான்." ஆங்கிலேயக் கிழவி, "அதுதான் அந்த வாரங்களில் அப்பம் புதிதாக இருந்தது, பேராயருடையது மூன்றாம் மாதத்தில் மட்டை மாதிரி இருக்கும்" என்றார். சிசிலிக்காரத் தங்கை அண்ணனுக்கு இரண்டு தடவை விளக்கினார். அண்ணன் தோளைக் குலுக்கினார். ஆனால் நைஜீரியத் தாதி அழுதுவிட்டார். இரவு வேலை முடிந்து தூங்காமல் வருகிற பெண் அவர். எனக்கு அந்தக் கண்ணீர் இன்றைக்கும் கிடந்து அறுக்கிறது. பேராயர் ஆராதனையை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் வாங்கில் போய் உட்கார்ந்து, கால் மணி நேரம் மெதுவாகப் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. பிறகு அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அடுத்த முறை சிமிழை மினுக்கத் தன்னைக் கூப்பிடச் சொன்னார்.

பத்து மணியானது. வாடகைக் காருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். "இன்றைக்கு வேண்டாம்" என்றார் பேராயர். "இருபத்திரண்டு தடவை என்னைப் பத்தே காலுக்கு வெளியே அனுப்பிவிட்டீர். பத்தரைக்கு இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போகிறேன்." அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் போய் ஐந்தாவது வாங்கில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போது இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்க இடம் விட்டார். மனைவி அந்த இடத்திலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் போய் உட்கார்ந்தேன்.

ஆறு வருடத்துக்குப் பிறகு மனைவியின் பக்கத்திலிருந்து பாட்டுப் பாடினேன். அவர் இன்னமும் கடைசி அடியை இழுத்துத்தான் பாடுகிறார். நற்கருணை நேரம் அவர் எழும்பினார். பேராயர் என் காதில், "போகிறீரா?" என்றார். "இல்லை" என்றேன். "நானும் இல்லை" என்றார். இரண்டு கிழவரும் வாங்கிலேயே முழந்தாளிட்டிருந்தோம். அங்கிருந்து மனைவி போவதைப் பார்த்தேன். கிராதிக்கு என் நடையில் பதினான்கு அடி. அவர் பதினெட்டு அடி வைத்தார். முழந்தாளிடும்போது முதலில் ஒரு கை, பிறகு மற்றக் கை, பிறகுதான் கால். வாங்கிக்கொண்டு எழும்பும்போது கிராதியைப் பிடித்து ஒரு தடவை முயன்றார், முடியவில்லை; இரண்டாம் தடவையும் முடியவில்லை; மூன்றாம் தடவை பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண் அவருடைய முழங்கையில் கை கொடுத்தார். யார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எண்பத்தாறு படியையும் நாங்கள் ஆளுக்கொரு நேரத்தில் ஏறுகிறோம். இவருக்கு முழங்கால் இவ்வளவு மோசமாகிவிட்டது என்று நான் அறியவில்லை.

பேராயர் அன்று மாலை போய்விட்டார். இப்போது இங்கிலாந்தில் கோழி வளர்க்கிறார். பதினொன்று, ஒன்று முட்டை இடுவதில்லை. அவர் கடைசியாக வைத்துவிட்டுப் போன நூற்றுப்பத்து அப்பத்தையும் ஒவ்வொரு ஞாயிறும் திறந்து எண்ணிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் ஞாயிறுக்கு முந்திய கிழமை அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஆறு பக்கம். இனி நான் பத்தரை மணிக்குப் போகலாமா, போய்க் கை நீட்டலாமா, என் ஐயம் போகவில்லையே, அனுமதி தருவீர்களா என்று கேட்டேன். பதில் வரப் பத்தொன்பது நாள் ஆனது. அதற்கிடையில் இரண்டு ஞாயிறு நான் வீட்டிலேயே இருந்தேன். மனைவி தனியாகப் போய் வந்தார்.

பேராயரின் பதில் ஒரே பக்கம். "அனுமதி என்னிடம் இல்லாதபடியால் தர முடியாது. தடையும் என்னிடம் இல்லை. நான் உம்முடைய இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர். நான் வாங்கிலேயே இருந்தேன், நீர் பார்த்தீர். ஆனால் நான் தனி ஆள். உம்முடைய கடிதத்தில் ஐயத்தைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர். உம்முடைய மனைவி கிராதியிலிருந்து எழும்பக் கஷ்டப்படுவதைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர். எண்ணிக்கையில் கெட்டிக்காரர் நீர்."

என் கடிதத்தின் பிரதியை எடுத்துச் சரிபார்த்தேன். மனைவியைப் பற்றி நான்கு இடம். அவர் ஒன்றைத் தவறவிட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். மூன்றாம் மாடிச் சமையற்காரர் படியில் நின்று, "என்ன அண்ணை, இண்டைக்குச் சோடியாய்?" என்றார். "ஓம், பொம்பிளை வைக்கிற பூசைக்கு" என்றேன். அவர் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். அதே ஐந்தாவது வாங்கு. மனைவி எழும்பியபோது நானும் எழும்பினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார். கிராதியில் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பக்கத்தில் நானும் முழந்தாளிட்டேன்.

குருவம்மா வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். மனைவிக்குக் கொடுத்தார். என் முன்னால் வந்ததும், நான் ஆசீர்வாதத்துக்கு மட்டும் வந்திருக்கிறேன் என்று நினைத்துத் தலையில் வைக்கக் கையைத் தூக்கினார். நான் இரண்டு கையையும் நீட்டியிருப்பதைக் கண்டு அந்தக் கை அப்படியே நின்றது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்க, ஆங்கிலத்தில் கேட்டார்:

"உங்களுக்கு நிச்சயமா?"

"இல்லை" என்றேன். கையை எடுக்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. பக்கத்திலிருந்து மனைவி, தலையைத் தூக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கெதியா வாங்கிக்கொண்டு என்னைத் தூக்கி விடுங்கோ. பின்னால சனம் நிக்குது."